கைரோ 250, மேக்னட்டிக் 275: ரெண்டுல எது பொய் சொல்லுது?

சிரியம்_கேடட்

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு ரங்கூன், ஆத்துக்கு அந்தப் பக்கம் சிரியம். பல்க் கேரியர் சரக்குக் கப்பல்ல டெக் கேடட்டா (ஆபீசர் ஆகப் பயிற்சி எடுக்கறவன்) ரெண்டாவது கான்ட்ராக்ட் முடிச்சு போன மாசம் தான் வீட்டுக்கு வந்தேன், இப்ப ஓரல் பரீட்சைக்கு படிச்சிட்டிருக்கேன். படிக்க உக்காந்தா கப்பல்ல நடந்த ஒரு விஷயம் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது, இங்க கப்பல்காரங்க இருக்கீங்கன்னு கேக்குறேன், சிரிக்காதீங்க.

சிங்கப்பூர்ல கப்பல் ஏறினேன். அங்கேந்து சுந்தா ஜலசந்தி வழியா டர்பன். தினமும் வாட்ச்ல காம்பஸ் எரர், அதாவது காம்பஸ் நிஜ திசையிலேந்து எத்தனை டிகிரி தப்பா காட்டுதுன்னு, சூரியனை வச்சு எடுத்து புக்ல எழுதுறது என் வேலை. முதல் ரெண்டு நாள் ஒழுங்கா எடுத்தேன், மேக்னட்டிக் காம்பஸுக்கு எரர் 2, 3 டிகிரி தான் வந்துச்சு. அப்புறம் மேகமூட்டம், சூரியனே இல்ல, நானும் முந்தின நாள் நம்பரையே பாத்து பாத்து எழுதிட்டேன், உண்மையைச் சொல்லிடறேன். மேகம் விலகின பிறகும் அதே பழக்கம் தான். டர்பனுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது செகண்ட் ஆபீசர் புக்கை புரட்டிப் பாத்தாரு, பெரிஸ்கோப்ல (மேல கூரையில இருக்கற காம்பஸை கீழேந்தே பாக்குற குழாய்) மேக்னட்டிக் காம்பஸைப் பாரு, கைரோவைப் (கரண்ட்ல ஓடுற இன்னொரு காம்பஸ்) பாரு, படிச்சுச் சொல்லுன்னாரு. கைரோ 250. மேக்னட்டிக் 275! நான் பதறிப் போயி சார் மேக்னட்டிக் கெட்டுப் போச்சுன்னு சொன்னேன். அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

வேரியேஷன்னு புக்ல இருக்கு, அது எனக்கும் தெரியும், மனப்பாடமா சொல்லுவேன். ஆனா 25 டிகிரி வித்தியாசம் காட்டுற ஒரு பெட்டியை எதுக்கு இன்னமும் கப்பல் தலையில வச்சு சுமக்குறோம்? கைரோ மட்டும் எப்படி வடக்கை கண்டுபிடிக்குது? காந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓரல்ல கேட்டா நான் பேந்தப் பேந்த முழிக்கப் போறேன்.

நெட்வொர்க்_ராஜா

தம்பி அந்த காம்பஸ் கெட்டுப் போயிருக்கும், இல்ல பக்கத்துல யாராவது ஸ்பீக்கர் கீக்கர் வச்சிருப்பாங்க. 25 டிகிரிங்கறது கொஞ்சமா? இப்ப செல்போன்லயே ஜிபிஎஸ் இருக்கு, கப்பல்ல ரெண்டு மூணு ஜிபிஎஸ் இருக்கும், எதுக்கு இந்த தாத்தா காலத்து ஊசி எல்லாம்னு எனக்கும் புரியல. நான் கப்பல் ஆள் இல்ல, சும்மா சொல்றேன்.

மோல்மீன்_மாஸ்டர்

ராஜா, கப்பல் ஆள் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க அதனால விட்டுட்டேன் 😄

தம்பி, உன் காம்பஸ் கெட்டுப் போகல. அது 275 காட்டலன்னா தான் நான் பயந்திருப்பேன். தென்னாப்பிரிக்கா கரையில வேரியேஷன் ஏறக்குறைய 25 டிகிரி மேற்கு. அதாவது அந்த இடத்துல பூமியோட காந்தம் ஊசியை இழுக்குற திசை, உண்மையான வடக்குலேந்து 25 டிகிரி இடது பக்கம் தள்ளி இருக்கு. நம்ம ரங்கூன்ல இது ஒரு டிகிரிக்குள்ள தான், அதுவும் மேற்கு. சிங்கப்பூர்லயும் ஒரு டிகிரிக்குள்ள தான், இருக்கான்னே தெரியாது. நம்ம பசங்களுக்கு இதுதான் கேடு, பொறந்து வளந்த ஊர்ல காந்த வடக்கும் நிஜ வடக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஊசி காட்டுறது தான் வடக்குன்னு ஒரு நம்பிக்கை ரத்தத்துலயே ஊறிடுது, அப்புறம் தெக்க போயி முழிக்கிறோம். நானும் முழிச்சவன் தான், எனக்கு அது கேப் டவுன்ல.

நீ சுந்தா தாண்டி மேற்கே போகப் போக வேரியேஷன் ஏறிக்கிட்டே வந்திருக்கும். நடுக்கடல்லயே பத்தைத் தாண்டியிருக்கும். நீ புக்ல 3, 3, 3ன்னு எழுதிட்டு வந்திருக்கே. செகண்ட் ஆபீசருக்கு புக்கைத் திறந்த உடனே தெரிஞ்சிருக்கும், அதுக்கு பெரிஸ்கோப் கூட தேவையில்ல. உன்னைப் பாக்க வச்சது உனக்காக.

இந்த வேரியேஷன் எங்கேந்து வருதுன்னா, பூமிக்குள்ள ஆழத்துல உருகின இரும்பு ஓடிக்கிட்டே இருக்கு, அந்த ஓட்டத்துல உண்டாகுற காந்தம் தான் ஊசியை இழுக்குது. ஓடுற பொருள் ஒரே மாதிரி இருக்குமா? அதான் வருஷா வருஷம் மாறுது. சார்ட்ல (கடல் வரைபடத்துல) காம்பஸ் ரோஸ்னு ஒரு திசை வட்டம் இருக்கும், அது நடுவுல பாரு, எந்த வருஷத்து வேரியேஷன், வருஷத்துக்கு எத்தனை மினிட் எந்தப் பக்கம் மாறும்னு போட்டிருக்கும். வட காந்த துருவமே கனடா பக்கத்துலேந்து சைபீரியா பக்கமா நடந்து போயிட்டிருக்கு. அதனால தான் உலக காந்த மாடல்னு ஒண்ணை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா போடுறாங்க. தென்னாப்பிரிக்காவுல ஹெர்மானஸ்னு கேப் டவுனுக்கு கிழக்கே ஒரு ஊரு, அங்க இதை அளக்குறதுக்குன்னே காந்த ஆய்வகம் இருக்கு.

அடுத்தது டீவியேஷன். இது பூமியோட தப்பு இல்ல, நம்ம கப்பலோட தப்பு. கப்பல் முழுக்க இரும்பு. கட்டும்போது மாசக்கணக்கா ஒரே திசையில நின்னுச்சு, சுத்தியல் அடி, வெல்டிங் எல்லாம் பட்டுச்சு, அதுல கப்பலே ஒரு காந்தமா ஆயிடுது. அது போக பூமியோட காந்தத்துல இரும்பு தற்காலிகமா காந்தம் ஆகும், அது கப்பல் திரும்பத் திரும்ப மாறும். அதனால டீவியேஷன் ஒவ்வொரு ஹெடிங்குக்கும் (கப்பல் மூக்கு பாக்குற திசை) வேற வேற. இதைக் குறைக்கத் தான் பினக்கிள்ல (காம்பஸை வச்சிருக்கற ஸ்டாண்டு) ரெண்டு பக்கமும் ரெண்டு இரும்பு உருண்டை, முன்னாடி ஃபிளிண்டர்ஸ் பார்னு ஒரு குழாய்க்குள்ள இரும்புத் துண்டுகள், உள்ள சின்னச் சின்ன காந்தக் குச்சிகள், கப்பல் சாயும்போது வர்ற எரருக்கு நடுவுல ஒரு பக்கெட் காந்தம். அட்ஜஸ்டர் வந்து கப்பலை ஒரு சுத்து சுத்த வச்சு, எல்லாத்தையும் நகத்தி நகத்தி எரரைக் குறைச்சு, மிச்சம் இருக்கறதை டீவியேஷன் கார்டுல எழுதிக் குடுத்துட்டுப் போவாரு. நாங்க புதுசா ஏறினப்ப அந்த உருண்டையை பெயிண்ட் அடிக்கச் சொன்னா கழட்டி வச்சுட்டு அடிக்கிற ஆளெல்லாம் உண்டு. அதைத் தொடவே கூடாது!

ட்ரை டாக்ல வெல்டிங் நடந்தாலோ, கப்பல் ரொம்ப நாள் ஒரே பக்கம் பாத்துக் கட்டிக் கெடந்தாலோ, இடி விழுந்தாலோ அந்தக் கார்டை நம்பாதே, மறுபடி எடு.

கணக்கு இவ்வளவு தான். உனக்கு நிஜ கோர்ஸ் 250. வேரியேஷன் 25 மேற்கு, அதனால மேக்னட்டிக் 275. டீவியேஷன் 2 கிழக்குன்னு வச்சுக்க, அப்ப காம்பஸ்ல 273. எரர் வெஸ்ட் காம்பஸ் பெஸ்ட், எரர் ஈஸ்ட் காம்பஸ் லீஸ்ட்னு சயா (வாத்தியார்) சொல்லிக் குடுத்திருப்பாரே, அதே தான்: எரர் மேற்குன்னா காம்பஸ் நம்பர் பெருசு, கிழக்குன்னா சின்னது.

ஈடிஓ_அக்கா

மாஸ்டர் அண்ணே மேக்னட்டிக் பத்தி சொல்லிட்டாங்க, கைரோவை நான் எடுத்துக்கறேன், நான் ஈடிஓ, கப்பல்ல எலக்ட்ரிக்கல் வேலை பாக்குற ஆபீசர், அது என் பிள்ளை மாதிரி, ரெண்டு கப்பல்ல அதோட ஸ்பியரை (ரோட்டர் உள்ள இருக்கற உருண்டை) என் கையாலயே மாத்தியிருக்கேன்.

தம்பி, சின்ன வயசுல பம்பரம் விட்டிருப்பீங்கல்ல. நல்லா சுத்துற பம்பரம் அசையாம நிக்கும்போது "பம்பரம் தூங்குது"ன்னு சொல்லுவோம். கைரோ காம்பஸ்னா அந்தத் தூங்குற பம்பரம் தான், படுக்க வச்ச பம்பரம். உள்ள இருக்கற ரோட்டர் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தும், சில மாடல்ல 12,000 வரைக்கும். அப்படி வேகமா சுத்துற பொருளோட அச்சு எந்தப் பக்கம் பாத்துச்சோ அதையே பாத்துக்கிட்டு நிக்கும். எதை வச்சுன்னா தரையை வச்சு இல்ல, வானத்தை வச்சு. ஒரு நட்சத்திரத்தைப் பாத்து நிறுத்தினா அந்த நட்சத்திரத்தையே பாத்துட்டிருக்கும்.

இப்ப பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது. அச்சு கிழக்கே பாத்து கிடக்குன்னு வைங்க. பூமி கீழ சுத்திக்கிட்டே போகுது, அச்சு பழைய பக்கமே பாக்குது, அதனால கப்பல்ல நிக்கற நமக்கு அந்த அச்சோட தலை மெதுவா மேல தூக்குற மாதிரி தெரியும், உதிக்கிற நட்சத்திரம் ஏறுற மாதிரியே. இங்க தான் வித்தை. கைரோவோட அடிப்பக்கம் கனமா வச்சிருக்காங்க. தலை தூக்கினதும் அந்தக் கனம் அதை சமமாக்க இழுக்கும். ஆனா சுத்துற பம்பரத்தை விரலால ஒரு பக்கம் தள்ளிப் பாருங்க, தள்ளின பக்கம் போகாது, 90 டிகிரி தள்ளி வேற பக்கம் திரும்பும். அதே மாதிரி இதுவும் கீழ அமுங்காம வடக்குப் பக்கமா திரும்பும். வடக்கைத் தாண்டி மேற்கே போயிடுச்சுன்னா இப்ப தலை கீழ சாயும், இழுப்பு எதிர்ப்பக்கம், மறுபடி வடக்கே திரும்பி வரும். இப்படி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு உள்ள எண்ணெய் வச்சு ஆட்டத்தை அடக்குறாங்க. ஆடி ஆடி அடங்கி கடைசியில நிக்கற இடம் நிஜ வடக்கு. காந்தத்துக்கு இதுல வேலையே இல்ல. பூமி சுத்துறது, புவியீர்ப்பு, பம்பரம், இந்த மூணு தான்.

அந்த ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 84 நிமிஷம் ஆகுற மாதிரி வச்சாத் தான் கப்பல் வேகம் கூட்டினாலும் திரும்பினாலும் கைரோ குழம்பாதுன்னு ஷூலர்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சாரு. அதனால தான் கைரோ ஆன் பண்ணி உடனே கிளம்ப முடியாது. செட்டில் ஆக சாதாரணமா மூணு நாலு மணி நேரம். "அக்கா பைலட் வர்றாரு கைரோ போடுங்க"ன்னு ஒரு மணி நேரம் முன்னாடி வந்து நிக்கற ஆபீசர்களை எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன்.

இதைச் செய்யணும்னு கிளம்பினவரு அன்ஷூட்ஸ் கேம்ப்ஃபே. நீர்மூழ்கிக் கப்பல்ல ஐஸுக்கு அடியில வட துருவம் போகணும்னு அவருக்கு ஆசை. இரும்புக் கப்பலுக்குள்ள துருவத்துக்குப் பக்கத்துல காந்த ஊசி உதவாதுன்னு தான் இதுல இறங்கினாரு. 1908ல ஜெர்மன் கடற்படைக் கப்பல்ல சோதிச்சாங்க. அமெரிக்காவுல ஸ்பெர்ரி 1911ல தன்னோடதைக் கொண்டு வந்தாரு, ரெண்டு பேருக்கும் பேடண்ட் வழக்கு, அதுல கோர்ட்டு நிபுணரா வந்தது யாரு தெரியுமா? ஐன்ஸ்டீன்! வேடிக்கை என்னன்னா வட துருவம் போறதுக்காக செஞ்ச கைரோ அங்க வேலை செய்யாது. பூமி சுத்துறதுல படுக்கைவாட்டுப் பங்கு தான் அதுக்குச் சோறு, துருவத்துல அது பூஜ்யம். 70, 75 டிகிரி தாண்டினாலே நம்பிக்கை குறைஞ்சிடும்.

கைரோவுக்கும் எரர் உண்டு தம்பி, அதை ஓரல்ல கட்டாயம் கேப்பாங்க. கப்பல் வடக்கே போகும்போது கப்பலோட ஓட்டமும் பூமியோட சுழற்சியும் சேர்ந்து கைரோவுக்கு வடக்கு கொஞ்சம் மேற்கே இருக்கற மாதிரி தோணும். நம்ம ரங்கூன் அட்சரேகையில 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்துல நேரா வடக்கே போனா ஏறக்குறைய 1 டிகிரி மேற்கு எரர். தெக்கே போனா அதே அளவு கிழக்கு. கிழக்கு மேற்கா போனா இல்ல. ஸ்பீடையும் லேட்டிட்யூடையும் சரியா போட்டு வச்சிருந்தா அதுவே கழிச்சுக்கும், தப்பா போட்டு வச்சிருந்தா? யாரும் பாக்க மாட்டாங்க, அதான் பிரச்சனை.

ஸ்பியரைக் கழட்டும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, பவரை அணைச்ச உடனே கையை வைக்காதீங்க, உள்ள ரோட்டர் நின்னு போற வரைக்கும் பொறுமையா இருக்கணும். கவிழ்க்கவும் கூடாது, குழந்தையைத் தூக்குற மாதிரி நிமிர்த்தியே தூக்கணும். இப்ப புதுசா ஃபைபர் ஆப்டிக் கைரோ வந்திருக்கு, சுத்துற பாகமே இல்ல, வெளிச்சத்தை வச்சு அளக்குது. அழகா இருக்கு, ஆனா எனக்கு அந்த முனகல் சத்தம் இல்லன்னா கைரோ ரூம் மாதிரியே தெரியல.

நெட்வொர்க்_ராஜா

சரி அக்கா, பம்பரம் புரிஞ்சது. ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஜிபிஎஸ் இருக்கும்போது இது ரெண்டும் எதுக்கு?

மோல்மீன்_மாஸ்டர்

ஜிபிஎஸ் நீ எங்க இருக்கே, எந்தப் பக்கம் நகர்றேன்னு சொல்லும். உன் மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லாது. ரங்கூன் ஆத்துல சாம்பான் (சின்னப் படகு) பாத்திருப்பீங்க, தண்ணி இழுப்புக்கு எதிரா மூக்கை ஒரு பக்கம் வச்சு நண்டு மாதிரி சாஞ்சு சாஞ்சு அக்கரைக்குப் போகும். போற திசை ஒண்ணு, மூக்கு ஒண்ணு. 200 மீட்டர் கப்பலுக்கும் அதே தான். தென்னாப்பிரிக்கா கிழக்குக் கரையில அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கா ஓடுது, சில இடத்துல 4, 5 நாட் கூட இருக்கும், அங்க ஜிபிஎஸ் காட்டுற திசையை ஹெடிங்னு நினைச்சு ஸ்டியரிங் பிடிச்சா முடிஞ்சது. ஜெட்டியில கட்டிப் போட்டு நிக்கும்போது சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு திசையே கிடையாது. ரெண்டு மூணு ஆண்டெனா வச்ச சேட்டிலைட் காம்பஸ் ஹெடிங் குடுக்கும், ஆனா அதுக்கும் கரண்ட் வேணும், சிக்னல் வேணும்.

சட்டத்தையும் சொல்லிடறேன், தம்பிக்கு ஓரலுக்கு ஆகும். சோலாஸ்னு கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம், அதுல அஞ்சாவது சாப்டர் 19வது ரெகுலேஷன். சின்னதோ பெருசோ எல்லாக் கப்பல்லயும் கரண்ட் தேவைப்படாத ஒரு மேக்னட்டிக் காம்பஸ், அட்ஜஸ்ட் பண்ணி, ஸ்டியரிங் பிடிக்கிற இடத்துல படிக்கிற மாதிரி இருக்கணும். 150 டன்னுக்கு மேல போனா ஒரு ஸ்பேர் காம்பஸ். 500 டன்னுக்கு மேல தான் கைரோ, எமர்ஜென்சி ஸ்டியரிங் இடத்துல ரிப்பீட்டரோட (கைரோ நம்பரை வேற இடத்துல காட்டுற கருவி). டன்னுன்னா கிராஸ் டன்னேஜ், எடை இல்ல, அங்கயும் ஒரு கொக்கி போடுவாங்க. கைரோ இல்லாம கப்பல் இருக்கலாம் தம்பி, அந்த ஊசி இல்லாம இருக்கக் கூடாது.

சுக்கானி_பேரன்

நான் ஏபி (மாலுமி), முப்பது வருஷமா வீல் பிடிக்கிறேன். எங்க தாத்தா மெட்ராஸ் ரங்கூன் ஸ்டீமர்ல சுக்கானி (வீல் பிடிக்கறவரு), அந்தப் பேரை இன்னும் எங்க தெருவுல சொல்லுவாங்க. படிப்பு எனக்கு கம்மி ஆனா ஒண்ணு சொல்றேன்.

ஒரு தடவை வங்காள விரிகுடாவுல நைட் ரெண்டு மணி, பிளாக் அவுட். அலாரம் எல்லாம் ஒண்ணா கத்துது, கைரோ ரிப்பீட்டர் நம்பர் நின்னு போச்சு, ஆட்டோ பைலட் போச்சு, ரெண்டாவது ஆபீசர் சின்னப் பையன், எங்க பாக்குறதுன்னு தெரியாம டார்ச் தேடுறான். நான் வீலைப் பிடிச்சுக்கிட்டு மேல பெரிஸ்கோப்பைப் பாத்தேன், காம்பஸ் லைட்டு பேட்டரியில எரியுது, கார்டு மெதுவா மிதந்துக்கிட்டு ஆடுது, தாத்தா பாத்த அதே கார்டு. அதைப் பாத்தே முக்கால் மணி நேரம் பிடிச்சேன். எமர்ஜென்சி ஜெனரேட்டர் வந்துச்சு, கைரோவுக்கு கரண்ட்டும் வந்துச்சு, ஆனா உடனே நம்பக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு, மறுபடி செட்டில் ஆகணுமாம். கார்டு கொஞ்சம் ஆடும், அலைக்கு அலை அஞ்சு டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நடுவுல பாத்துப் பிடிக்கணும், துரத்திக்கிட்டே போனா கப்பல் பாம்பு மாதிரி போகும்.

பிளாக் அவுட்டை விட மோசமானது ஒண்ணு இருக்கு. கைரோ அலாரமே அடிக்காம கொஞ்சம் கொஞ்சமா நழுவும். ஆட்டோ பைலட் அது பின்னாடியே போகும். ரிப்பீட்டர்ல நம்பர் மாறவே மாறாது, அழகா 250ன்னு நிக்கும், கப்பல் வேற எங்கயோ போயிட்டிருக்கும். மேல ஊசி மட்டும் தான் நகரும். அதைப் பாக்க யாராவது இருக்கணும்ல.

மோல்மீன்_மாஸ்டர்

அண்ணே சொன்னது தான் உன் செகண்ட் ஆபீசருக்கும் கோவம். ஒரு வாட்ச்சுக்கு ஒரு தடவையாவது, பெரிய கோர்ஸ் மாத்தம் பண்ணா அப்பவும், எரர் எடுக்கணும்னு வச்சிருக்கறது இதுக்குத் தான். கைரோவையும் மேக்னட்டிக்கையும் ஒப்பிட்டா எது தப்புன்னு தெரியாது, ஏதோ தப்புன்னு தான் தெரியும். மூணாவது சாட்சி வேணும், அது சூரியன். உதிக்கும்போதும் மறையும்போதும் ஆம்ப்ளிட்யூட், அதாவது சூரியன் நேர் கிழக்கு மேற்குலேந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்குன்னு, எடுக்கறது தான் சுலபம். சூரியனோட கீழ் விளிம்பு தொடுவானத்துக்கு மேல அரை விட்டத்துக்கு கொஞ்சம் கூடுதலா இருக்கும்போது பேரிங் (அது இருக்கற திசை, டிகிரியில) எடு. டிக்ளினேஷனோட (சூரியன் பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே, தெக்கேன்னு) சைனை லேட்டிட்யூடோட கோசைனால வகுத்தா ஆம்ப்ளிட்யூடோட சைன் வந்துடும், கணக்கு முடிஞ்சது. டிசம்பர் கடைசியில நம்ம ஊர்ல சூரியன் கிழக்குலேந்து 24 அரை டிகிரி தெக்கே தள்ளி உதிக்கும், அதாவது 114.5. ஊர்ல இருக்கேல்ல, எடுத்துப் பாரு. துருவ நட்சத்திரமும் நமக்கு உண்டு, டர்பன்ல அது கண்ணுலயே படாது.

சிரியம்_கேடட்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவோட பம்பரத்தை எங்க அம்மாவுக்கே விளக்கிட்டேன், அவங்களுக்கும் புரிஞ்சுது.

மாஸ்டர் சொன்ன மாதிரி மூணு நாளா காலையில மாடி ஏறினேன். எங்க வீட்டுக்கு கிழக்கே வயல் தான், பனி கொஞ்சம் இருந்துச்சு ஆனாலும் சூரியன் நல்லா தெரிஞ்சுது. மாமாகிட்ட இருந்த பழைய கை காம்பஸை வச்சு எடுத்தேன். 115 கிட்ட வரணும்ல? 108 வருது. மூணு நாள் எடுத்தேன், மூணு நாளும் 108. நான் இந்தத் தடவை பாத்து எழுதல, சத்தியமா எடுத்தேன். ஏழு டிகிரி எங்க போச்சு?

சுக்கானி_பேரன்

மாடியில எங்க நின்னு எடுத்தே?

சிரியம்_கேடட்

தண்ணித் தொட்டி மேல கையை ஊனிக்கிட்டு, கை ஆடக் கூடாதுன்னு.

ஈடிஓ_அக்கா

தொட்டி பிளாஸ்டிக்கா, தகரமா?

சிரியம்_கேடட்

...தகரம்

மோல்மீன்_மாஸ்டர்

டீவியேஷன் 7 கிழக்கு. கார்டு எழுதி தொட்டியில ஒட்டி வை 😄 நாளைக்கு வயல்ல போயி நின்னு எடு, பாக்கெட்ல போன் இல்லாம.